இட்லித்தட்டுச் சோப்பு

பேத்தி வாங்கிவந்த தேங்காயெண்ணெய்ச் சோப்பை முகர்ந்ததும் கரமனை ஊரில் நான் வளர்ந்த வீட்டுக் கிணற்றடி நினைவுக்கு வந்தது. இன்று அங்கே கார்கள் நிற்கின்றன. யுத்த காலத்தில் கடைகளில் சோப்பு கிடைக்காமல் போனபோது, அம்மா அங்கேதான் விறகுச் சாம்பலைச் சுண்ணாம்போடு ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, தேங்காயெண்ணெய் விட்டு, கை கடுக்கக் கிண்டி, உப்புப் போட்டு இறுக்குவாள். முதல் தடவை, ஊற்ற வேறொன்றும் அகப்படாமல், பித்தளை இட்லித்தட்டில் ஊற்றிவிட்டாள்.

மடி ஆசாரம் பார்க்கும் அத்தை, அப்பாவின் அக்கா, கொல்லைப்படியிலேயே மறித்தாள்.

"சோப்பு பட்ட தட்டு இனிமே அடுக்களைக்குள்ளே வரப்படாது."

"எண்ணெயும் சாம்பலும்தானே அக்கா, புளி போட்டுத் தேச்சுடறேன்."

"வேண்டாம்னா வேண்டாம்."

யுத்தத்தில் பித்தளைக்கும் பஞ்சம். எங்கள் வீட்டில் இட்லி நின்றது. தட்டு கிணற்றடியிலேயே தங்கிவிட, மாதாமாதம் அதிலிருந்து உப்பலான வெள்ளைச் சோப்பு வந்துகொண்டிருந்தது. அத்தையும் அதைத் தேய்த்துத்தான் குளித்தாள்.

யுத்தம் முடிந்து அப்பா புதுத் தட்டு வாங்கிவந்தார். அம்மா இலையில் வைத்த முதல் இட்லியை, இட்லி நின்ற பிறகு பிறந்த என் தங்கை, ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையில் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள்.