காப்பு அவிழாத பங்குனி

கால் பாவாதவன் என்று என்னைச் சொல்வார்கள். சரிதான். நரை கண்ட இந்த வயதிலும் தூரத்தில் ரயில் கூவினால் என் கை செருப்பைத் தேடுகிறது. இப்படிப்பட்டவனை ஒரு மஞ்சள் நூல் கட்டிப்போட்ட பங்குனி ஒன்று உண்டு. யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய பங்குனி அது.

எங்கள் ஊர் நாகமலைக்குக் கீழே, கீழக்குயில்குடிக்கு மேற்கே. மலையடியில், புல்லும் பாறையும் தொடங்குகிற இடத்தில் அம்மன் கோயில். எனக்கு அம்மை கண்டு பிழைத்தபோது, என் பிள்ளை மூன்று வருஷம் அக்கினிச் சட்டி எடுப்பான் என்று என் தாய் நேர்ந்துகொண்டாள். அது மூன்றாவது வருஷம். மதுரையில் ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தவன், லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். என் மனைவி தலைப்பிரசவத்துக்கு அவனியாபுரத்தில் தாய்வீட்டில் இருந்தாள். நாள் கிடக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் ஊரார் பகலில் எங்கே போனாலும் ராத்திரி ஊரில்தான் படுக்க வேண்டும். சட்டி எடுக்கிறவன் கதை வேறு. அவன் மணிக்கட்டில் மஞ்சள் நூல் ஏறிவிட்டால், எல்லைக் கல்லைத் தாண்டி ஓர் அடி வைக்கக் கூடாது. எரிகிற சட்டியைக் கையில் ஏந்தி வந்து ஆத்தாள் முன்னால் இறக்கிய பிறகுதான் நூல் அவிழும். ஒரு வாரக் காரியம். ஒரு வாரம் பொறுக்க மாட்டேனா என்று கையை நீட்டினேன்.

மறுநாள் காலையில் தண்டோரா வந்தது.

"சகல சனங்களுக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, மலையப் பூட்டியாச்சு! மழை பேயுற மட்டும் ஆடு மாடு ஏத்தக்கூடாது, வெறகு பொறுக்கக்கூடாது, கரி மூட்டம் போடக்கூடாது! பந்தம், கொள்ளி, பீடி, சட்டி..."

சட்டி என்ற இடத்தில் தாளம் தட்டுக்கெட்டது. கொட்டடித்தவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அவருக்கும் அந்தச் சொல்லை விழுங்க முடியவில்லை.

"...எந்த நெருப்பும் மலையடியில தெரியக்கூடாது! மீறுனா செயிலு!"

உத்தரவில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. மழை ஐப்பசியோடு முகத்தைத் திருப்பிக்கொண்ட வருஷம். மலை முழுக்கச் சுக்குநாறிப் புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நின்றது. தைலம் ஊறிய புல். உச்சி வெயிலில் காற்று இந்தப் பக்கம் திரும்பினால், ஊரே கஷாயச் சட்டிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல மணக்கும். அந்த மணத்துக்கு எல்லோரும் பயந்தோம். வடக்கே சிறுமலைப் பக்கம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. பகலில் அங்கே புகை ஒரு பழுப்புச் சுவராக நின்றது. எங்கள் கூரைகளெல்லாம் ஓலையும் புல்லும். ஒரு பொறி பறந்தால் போதும்.

கோயில் வாசலில் ஊர் கூடியது.

"கட்டுன காப்ப நெருப்பு எறக்காம அவுக்கிறதுக்கு இல்ல," என்றார் பூசாரி.

"நெருப்ப ஏந்துனா நம்ம போயி எறங்குறது செயில்லதான்," என்றார் ஊர்த்தலைவரான அம்பலம்.

"ஒரு நா முந்தித் தண்டோராப் போட்டுருந்தா கட்டியே இருக்க மாட்டமே!" என்று ஒருவர் கத்த, எல்லாத் தலைகளும் பாரஸ்ட் கார்டின் பக்கம் திரும்பின.

உத்தரவோடு வந்து எங்கள் ஊர்ச் சாவடியில் தங்கியிருந்த காவல்காரர் அவர். மதுரைக் கோட்டைக்குள் பிறந்து வளர்ந்த துலுக்கர். பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

"எனக்கே நேத்து ராவுலதான் தாக்கல் வந்துச்சு. நான் என்ன சொப்பனமா கண்டேன்?" என்றார் பாய்.

கண்மாய் வறண்டு கிடக்கிறது, புல் பூண்டு இல்லை, அதற்குள்ளேயே சட்டியை எடுத்து அங்கேயே இறக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பாய் தாடையைச் சொறிந்து, ஆபீஸில் கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஆனால் அதற்கு முன் ஆத்தாளைக் கேட்க வேண்டுமே. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சம்மதம். பூசாரி எடுத்துப் பிரித்தார். சிவப்பு. கோயிலை விட்டு அவள் இறங்க மாட்டாளாம்.

ஆக, சர்க்கார் மலையைப் பூட்டிவிட்டது. ஆத்தாள் ஊரைப் பூட்டிவிட்டாள். இரண்டு பூட்டுக்கும் மழை ஒன்றே சாவி. பங்குனியில் மழைக்கு எங்கே போவது?

அன்று சாயங்காலமே பாயை மடக்கினார்கள்.

"பாய், மடியில என்ன பொடைப்பா இருக்கு?"

"பீடிக்கட்டு அண்ணே."

"தீப்பெட்டி?"

பாயின் கை மடிக்குப் போனது.

"சட்டம் எல்லாருக்கும்தான? குடுங்க, அம்பலத்து வீட்டு உறியில தொங்கட்டும். மழை பேஞ்சதும் வாங்கிக்கிருங்க."

மனிதர் முணுமுணுக்காமல் எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு பற்றவைக்காத பீடியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டே மலையடியைச் சுற்றினார். நான் எல்லையைச் சுற்றினேன். எதிரெதிரே வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம்.

வாரம் கழிந்தது. நூல் அப்படியே இருந்தது. அச்சாபீஸ் வேலை போயிருக்கும் என்று தோன்றியது. கிழக்கே கல், தெற்கே புளியமரம், வடக்கே கண்மாய்க்கரை, மேற்கே மலை. இவ்வளவுதான் பூமி. வண்டிப் பாதை என் கண் முன்னால் வெள்ளையாக ஓடி, திரும்பி, மறைந்தது. அது மறைகிற இடத்தைப் பார்த்தபடியே நிற்பேன். பகலெல்லாம் பாறை சூடேறி எங்கோ படக் படக்கென்று வெடிக்கும். காற்று அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் புழுக்கம். நூலுக்கடியில் தோல் அரித்தது. நகத்தால் சுரண்டுவேன், பிறகு பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

"செக்கு மாடுகூட ஒரு நேரம் நெழலுக்கு ஒதுங்கும்டா," என்பாள் என் தாய். பகலில் அடுப்பு மூட்ட யாருக்கும் தைரியம் இல்லை. எல்லா வீட்டிலும் பழைய கஞ்சிதான்.

மறு வாரத்தில் ஒரு நடுப்பகல். நான் எல்லைக் கல்லருகே நின்றபோது அந்த வெள்ளைப் பாதையில் புழுதி எழுந்தது. ஒரு வண்டி. மாடுகள் வாயில் நுரை தள்ள வந்து நின்றன. இறங்கியவர் என் மனைவியின் அண்ணன்.

"மாப்ள, நேத்து விடியமுன்ன வலி எடுத்துருச்சு. இன்னும் பெறலை."

"மருத்துவச்சி என்ன சொல்றா மச்சான்?"

"புள்ள தல திரும்பலைங்கிறா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்னா, வண்டி குலுக்குனா தாங்காதுங்கிறா." அவர் மாட்டின் கழுத்தைத் தடவினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அது உங்க பேரச் சொல்லிக் கத்துது மாப்ள."

என் பேரில் உள்ள சாமியைக்கூட வேறு பேர் சொல்லிக் கும்பிடுகிறவள் அவள். புருஷன் பேர் வாயில் வரக் கூடாது என்பது அவளுக்கு மூச்சுப்போல. அது தெரியாமல் கத்துகிறாள் என்றால் அவள் எங்கே போய்க்கொண்டிருக்கிறாள்?

காலைத் தூக்கினேன். வைக்க முடியவில்லை. ஊருக்குப் பயந்து அல்ல. தாண்டினால் ஆத்தாளுடைய கோபம் என்மேல் விழுந்தால் விழட்டும். என் மனைவி மேலல்லவா போய் விழும்? அவள்தானே அந்த நேரத்தில் கதவு திறந்த வீடாகக் கிடக்கிறாள்? போகாவிட்டாலும் அவள் போய்விடலாம், போனாலும் போய்விடலாம். தூக்கிய காலோடு நின்றேன்.

பாய் அந்தப் பக்கமாக வந்தார். கேட்டதும் வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டார்.

"ஆபீசு மலையத்தான் பூட்டச் சொல்லுச்சு தம்பி. உன்னயப் பூட்டச் சொல்லலையே. போ."

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது பாய்."

"எனக்கு என்ன தெரியும். எங்க வீட்டுக்காரி மூணாவது பிரசவத்துல மவுத்தானப்ப நான் மலைமேல நின்னு தீக்கோடு வெட்டிக்கிட்டு இருந்தேன். தீ தாண்டக்கூடாதுன்னு புல்லச் செதுக்குற கோடு. எனக்கும் உத்தரவுதான்."

சொல்லிவிட்டு அவர் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அதற்குள் சேதி கேட்டு என் தாய் பூசாரியைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பின்னால் பாதி ஊர்.

"நேந்தது யாரு? நானு. இவன் சொமக்குற கழுத, அம்புட்டுத்தான். கயித்த என் கையில கட்டு. மழை பேயட்டும், சட்டிய நான் எடுக்கிறேன்."

"தாலியறுத்தவ கையில காப்பா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"ஏன்டா, மலையடியில உக்காந்திருக்காளே ஆத்தா, அவளுக்கு எவன்டா புருஷன்? அவளும் ஒத்தையிலதான இருக்கா!"

பூசாரி மலையைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார், கடைசியாக என் தாயைப் பார்த்தார்.

"நேந்தவ கையில இருந்தாத் தப்பில்லை," என்றார் மெதுவாக. "ஆனா இவன் எல்லையத் தாண்டிட்டான்னா, காப்பு அவுறுற மட்டும் திரும்ப உள்ள வரக்கூடாது. நீயும் அம்புட்டு நாளும் வெளிய காலு வைக்க ஏலாது. பேரப்புள்ள பொறந்தாலும் சரி."

"தெரியும். கட்டு."

"அம்புட்டு நாளும் உன் மகனையும் பாக்க ஏலாது தாயி."

"இருந்து என்னத்தக் கிழிச்சான்? எல்லைய அளந்தான். கட்டுங்கிறேன்ல!"

நூல் ஒரு கணம்கூட ஆளில்லாமல் இருக்கக் கூடாது என்று பூசாரி முதலில் அவள் கையை என் கையோடு சேர்த்துவைத்து, புது நூலால் இரண்டையும் சுற்றினார். அவள் கை காய்ச்சிய இரும்புபோலச் சுட்டது. பிறகு என் பக்கத்தை மட்டும் அறுத்தார்.

"ஓடுறா," என்றாள் என் தாய்.

திருப்பரங்குன்றம் தாண்டுகிறவரை நான் வண்டியில் உட்காரவில்லை. மாட்டுக்கு முன்னால் ஓடினேன். "ஏறுங்க மாப்ள, நீங்க ஓடுனா வண்டி வெரசாப் போகுமா?" என்று மச்சான் கத்திக்கொண்டே வந்தார். இத்தனை நாள் அடைபட்ட கால்களுக்கு அது காதில் ஏறவில்லை. கையில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது. வியர்வை பட்டும் போகவில்லை.

அவனியாபுரம் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டு வாசல் நிறையப் பெண்கள். நான் நேராக உள்ளே பாய்ந்தேன். என் மாமியார் கதவில் குறுக்கே கையை வைத்தார்.

"எங்கிட்டுப் போறீக? ஆம்பள வரக்கூடாது."

"உசுரோட இருக்காளா அத்தை?"

"இருக்கா. சும்மா நிக்கிறதுக்கு அந்த அடுப்பப் பாருங்க. வெந்நி ஆறக்கூடாது."

முற்றத்தில் மூன்று கல் கூட்டி, அண்டா ஏற்றி, அதன் கீழே நெருப்பு. திறந்தவெளியில் அவ்வளவு பெரிய நெருப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. குந்தி உட்கார்ந்து விறகைத் தள்ளினேன். ஒரு பொறி தெறித்து மண்ணில் விழுந்தது. எழுந்து வெறுங்காலால் மிதித்தேன். இன்னொன்று. அதையும் மிதித்தேன்.

"என்ன இந்த மனுசன் சாமியாடுறாரு?" என்று ஒரு பெண் சிரித்தாள். "மிதிக்காதீக மாப்ள, இங்க என்ன மலையா இருக்கு?"

உள்ளே ஒரு நீண்ட ஓலம். அதில் என் பேர் இல்லை; எந்தச் சொல்லும் இல்லை. விறகைக் கையில் பிடித்தபடி உறைந்துபோனேன். பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தில் நெருப்பு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் கோபமாக, மெல்லியதாக, இன்னொரு குரல்.

"பொம்பளப் புள்ள!" என்று யாரோ வெளியே வந்து சொன்னார்கள். "ரெண்டும் சொகம்."

சுவரோரம் போய் நின்றேன். வெகு நேரம் கழித்து அவள் குரல் வந்தது, தேய்ந்துபோய், ஆனால் அவளுடையதேதான்.

"வந்தாச்சாக்கும். இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?"

"ம்."

"ஊருலேருந்து அத்தையக் கூட்டியாரலையா?"

"அவ வர ஏலாது."

"ஏன்?"

"மழை பேயணும்."

"மழைக்கும் அத்தைக்கும் என்னங்க சம்பந்தம்?"

மணிக்கட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் கறையைத் தடவிக்கொண்டு நின்றேன். வானம் மேகமில்லாமல் சிவந்து இருண்டது. வெந்நீர் ஆறுகிறது என்று மாமியார் குரல் கொடுத்தார். போய் இன்னொரு விறகைத் தள்ளினேன்.