பின் சீட்டை அறுத்த மாப்பிள்ளை

போன வாரம் தஞ்சாவூரில் என் பழைய மோட்டார் சைக்கிளைச் சர்வீசுக்கு விட்டிருந்தேன். எடுக்கப் போனபோது தாடிக்கார மெக்கானிக் பின் சீட்டைத் தட்டிக் காட்டி, “அண்ணே, போல்ட்டெல்லாம் துருப்புடிச்சுப் போச்சு. இந்தப் பின்பக்கத்தையே கழட்டிப் போட்டுடவா? அப்பறம் பாருங்க, செம பாபர் லுக்கு வரும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நான் சம்மதித்ததாக நினைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

பாபர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நன்றாக இருக்கிற மோட்டார் சைக்கிளில் வேண்டாதது என்று தோன்றுவதையெல்லாம் வெட்டி எறிவதுதான் பாபர். மட்கார்டு பாதி போய்விடும். பின் சீட்டு போய்விடும், அதைத் தாங்குகிற சேஸிஸின் வால் பகுதியும் போய்விடும். மிச்சம் இருப்பது ஒரு இன்ஜின், ரெண்டு சக்கரம், ஒற்றை சீட்டு, அதன்மேல் திமிராக ஒரு ஆள். அந்த ஆளாக வேண்டும் என்று ஒரு காலத்தில் எனக்கு வெறி பிடித்திருந்தது. பம்ப்செட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சாப்பிடும்போதுகூட செல்போனில் அந்த வீடியோக்கள்தான்.

வண்டி வலங்கைமானில் கிடைத்தது. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், நான் அதைப் படுத்திய பாட்டுக்குக் கேஸ் போட்டாலும் போடுவார்கள். ஒரு ரைஸ் மில்லின் மூலையில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே வெகுநாள் நின்றிருந்த வண்டி. முதல் கிக்கில் சைலன்சரிலிருந்து புகைக்குப் பதில் தவிடு பறந்தது. இன்றைக்கும் எந்த மாட்டுத்தீவனக் கடையைத் தாண்டினாலும் என் வலது கால் கிக்கரைத் தேடும். அப்பாவுக்கு வண்டியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். பின் சீட்டை அமுக்கிப் பார்த்து, “யூரியா மூட்டை ரெண்டு தாராளமா வைக்கலாம்டா” என்றார். அந்த இடத்தைத்தான் அறுக்கப் போகிறேன் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

திருவையாற்றில் சலீம் பாய் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். வாசல் கேட்டு, ஜன்னல் கிரில், டிராக்டர் சேற்றில் புதையாமல் இருக்க மாட்டுகிற கேஜ் வீல், இவைதான் அவர் வேலை. மோட்டார் சைக்கிளை அவர் அதுவரை அறுத்ததில்லை. செல்போனில் படத்தைக் காட்டினேன்.

“ஏன் தம்பி, இந்த வெள்ளைக்காரனுக்குப் பொண்டாட்டி இல்லியா?”

“அவன் தனியா போறான் பாய்.”

“தனியா எங்க போறான்?”

எனக்கு எரிச்சலாக வந்தது. “நீங்க அறுங்க பாய்” என்றேன். கிரைண்டர் சேஸிஸில் பட்டதும் எழுந்த கருகல் வாசனை எனக்கு அன்றைக்குக் கல்யாண வீட்டு நெய் வாசனை மாதிரி இருந்தது. வால் துண்டு தொப்பென்று மண்ணில் விழுந்தது. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவர, அப்பா மாட்டுக்கொட்டகையில் தண்ணீர் டிரம்முக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

இதற்கு நடுவில் எனக்குக் குத்தாலத்தில் பெண் பார்த்தார்கள். கலா. பார்த்ததும் பிடித்துப் போயிற்று, அதில் மறைக்க ஒன்றுமில்லை. பஜ்ஜித் தட்டை நீட்டும்போது, “வாழக்கா வேகல, வெங்காயத்த எடுத்துக்குங்க” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். ஒரு மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? நம்பர் வாங்கிக்கொண்டோம். இனி பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரவேண்டும், அவர்கள் திருப்தி என்றால் ஆவணியில் கல்யாணம். அப்போது ஆனி பாதி ஓடியிருந்தது. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் பக்கம் தண்ணீர் வந்தால் வெல்டிங்காரரைக் கையில் பிடிக்க முடியாது. ஊரில் இருக்கிற கேஜ் வீல் அத்தனையும் பட்டறை வாசலில் வந்து விழும். “சேத்து உழவு முடியட்டும் தம்பி, அதுக்கப்பறம்தான் உன் பொம்மை” என்று சலீம் பாய் வண்டியை அரைகுறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். அதை ஓட்டிக்கொண்டு குடமுருட்டி ஆற்றங்கரையில் வந்தேன். பின் மட்கார்டு இல்லை. கரையெல்லாம் சேறு. சக்கரம் வாரி அடித்ததில் வீட்டுக்குள் நுழையும்போது இடுப்பிலிருந்து உச்சந்தலை வரைக்கும் எனக்கு ஒரு சேற்றுக் கோடு.

வீட்டுக் கூடத்தில் கலாவின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். கூட நாலைந்து பேர். மறுநாள் வருவதாகச் சொன்னவர்கள் முதல் நாளே வந்துவிட்டார்கள்.

மனிதர் சேற்றுக் கோட்டைப் பெரிதுபடுத்தவில்லை, அவரும் விவசாயிதான். காபி டம்ளரோடு எழுந்து வந்து மாட்டைப் பார்த்தார், போர்செட்டைப் பார்த்தார், கடைசியில் வண்டியைப் பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார்.

“சீட்டு ஒண்ணுதானா?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “ஆமாங்க. தனியா ஓட்டுறதுக்குன்னே செஞ்சதுங்க. பின் சீட்ட நான்தான் அறுக்கச் சொன்னேன்.”

பெரியப்பா காபியைக் குடிக்காமலே டம்ளரை டேங்கின் மேல் வைத்தார். கிளம்பும்போது அப்பாவிடம், “கலந்து பேசிட்டுச் சொல்றோங்க” என்றார். எங்கள் பக்கத்தில் பெண் எடுத்தவர்களுக்குத் தெரியும், இதற்கு மேல் பச்சையாக ‘வேண்டாம்’ என்று யாரும் சொல்வதில்லை.

அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். “கல்யாணம் பண்ணிக்கிற வயசுல எவனாச்சும் பின் சீட்ட அறுப்பானாடா, அறிவு கெட்டவனே!” அப்பா வாலிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கவலை யூரியா மூட்டை.

சாயங்காலம் கலா போன் பண்ணினாள். “பொண்டாட்டிய எங்கயும் கூட்டிட்டுப் போவக்கூடாதுன்னே வண்டிய அறுத்து வெச்சிருக்கான்னு பெரியப்பா சொல்றாங்க. நெசமா?”

“ஐயோ, அது ஸ்டைலுங்க.”

“ஸ்டைலா? அப்ப நான் பின்னாடியே பஸ்ல வரவா?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கு உங்கள புடிச்சிருக்கு. வேணாம்னு சொல்லி அனுப்ப இருந்தாங்க, நான்தான் பேசி நிறுத்தி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழம பெரியப்பா ஒரு துக்கத்துக்குத் திருவையாறு வர்றாங்க. அதுக்குள்ள எனக்கு ஒரு எடத்தப் பண்ணி வைங்க” என்றாள். ஸ்டைலாவது மண்ணாவது!

விடிந்ததும் பட்டறைக்கு ஓடினேன். வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொருவரும் தன் கேஜ் வீல்தான் முதலில் என்று மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். நான் சலீம் பாயின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகமூடியைத் தூக்கிவிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி, “பின் சீட்டு இல்லாம தம்பிக்குக் கல்யாணம் நிக்குதாம்ப்பா!” என்று கத்தினார். மானம் கப்பலேறியது. ஆனால் நம்புங்கள், தண்ணீர் ஓடுகிற நாளில் பெற்ற அப்பனுக்கே வரிசை விட்டுக்கொடுக்காத அத்தனை பேரும் என் வண்டிக்கு வழிவிட்டார்கள். வழிவிட்டதோடு போகாமல் ஆளுக்கொரு யோசனையும் சொன்னார்கள், அங்கேதான் வினை.

“சீட்டு மட்டும் வெச்சா பத்தாது, பொம்பளப் புள்ள காலு வைக்க அகலமா பலகை வேணும்.”

“சேல சக்கரத்துல மாட்டாம கம்பி வைங்க பாய்.”

“அப்பிடியே ஒரு கேரியரும் வெச்சிடுங்க, நாத்துக்கட்டு ஏத்தலாம்.”

ஒருவர் பழைய இரும்புக் குவியலைக் கிளறி டிராக்டரின் தகர சீட்டு ஒன்றை இழுத்து வந்தார். சலீம் பாயிடம் இருந்ததெல்லாம் கேஜ் வீல் இரும்புதான், அதையே வளைத்து, சீட்டை ஏற்றி, மொத்தத்தையும் போல்ட் போட்டு முடுக்கினார். உறுதி பார்க்க, இருந்தவர்களிலேயே கனத்த ஒருவரைப் பின்னால் ஏற்றி ஆற்றுப் பாலம் வரைக்கும் போய்வந்தேன். முன்சக்கரம் ரெண்டு தரம் வானத்தைப் பார்த்தது. மற்றபடி குறையில்லை. வெட்டிக் குறைக்கப் போன வண்டி, வாங்கியபோது இருந்ததைவிட ஒரு முழம் நீண்டு, புதிதாக மட்கார்டும் வைத்துக்கொண்டு வீடு வந்தது. அப்பா கேரியரைத் தட்டிப் பார்த்துவிட்டு அன்றைக்குத்தான் என்னிடம் முகம் கொடுத்துப் பேசினார்.

வெள்ளிக்கிழமை பெரியப்பா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, “போங்க” என்றார். கரையோரமாகவே ஓட்டினேன். அவர் பின்னாலிருந்து ஏதேதோ கேட்டார், குட்டையாக வெட்டிய சைலன்சர் போட்ட சத்தத்தில் ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. எல்லாவற்றுக்கும் “ஆமாங்க, ஆமாங்க” என்றேன். இறங்கி வேட்டியை உதறிவிட்டு, “சீட்டு நல்லாருக்கு மாப்ள. சத்தந்தான் ஜாஸ்தி” என்றார். மாப்ள! அம்மா உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். இந்தத் தடவை டம்ளர் காலியானது.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் கலாவும் பேசிய புதுமணப் பேச்சு முழுக்க அந்தக் கரையில், அந்தச் சத்தத்துக்கு மேலே, அடித்தொண்டையில் கத்திப் பேசியதுதான். மதகுக்கு முன்னால் தூக்கிப் போடுகிற பள்ளம் ஒன்று, அது வரும்போதெல்லாம் கலாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கத்துவேன். சம்பா நடவு நேரம். வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருப்பார்கள். கலா என் காதருகில் வந்து, “ராத்திரிக்கு என்ன கொழம்பு வைக்கட்டும்?” என்று கத்துவாள். எனக்குக் கேட்காது, “என்ன?” என்று நானும் கத்துவேன். வயலிலிருந்து பதில் வரும்: “கத்திரிக்கா வையிடீ!” எங்கள் சண்டைக்கும் அங்கிருந்தேதான் தீர்ப்பு. ஒருநாள் நான் எதற்கோ எகிற, “அந்தப் புள்ள சொல்றதுதாம்ப்பா நாயம்!” என்று ஒரு குரல் வந்தது. கலா இறங்குகிற வரைக்கும் என் முதுகில் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

கலாவுக்கு இப்போது ஸ்கூட்டர் இருக்கிறது. கும்பகோணத்தில் வேலை, மகள் அவள் பின்னால்தான் உட்காருவாள். குழம்பு விவகாரம் வாட்ஸ்அப்பில் முடிந்துவிடுகிறது. கட்டைவிரல் போட்டு அனுப்பினால் சம்மதம்.

தஞ்சாவூர் மெக்கானிக் அந்தப் பின்பக்கத்தைத்தான் கழற்றி ஓரமாகப் போட்டிருந்தார். உள்ளபடியே சொல்கிறேன், வண்டி அழகாக இருந்தது. செல்போனில் ஏங்கி ஏங்கிப் பார்த்த அதே பாபர். ஏறி உட்கார்ந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு குடமுருட்டிக் கரை வழியாக வீட்டுக்கு விட்டேன். மதகுக்கு முன்னால் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. கழுத்தைத் திருப்பி, அடித்தொண்டையில், “கெட்டியா புடிச்சுக்க!” என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் உறைத்தது. வண்டியை நிறுத்திவிட்டு, யாராவது கேட்டிருப்பார்களோ என்று வயலைப் பார்த்தேன். நடவு மிஷின் ஒன்று அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை ஓட்டியவர் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தார்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு தஞ்சாவூருக்கே போனேன். “என்னண்ணே, எதையாச்சும் விட்டுட்டுப் போயிட்டீங்களா?” என்றார் மெக்கானிக். ஆமாம் என்றேன்.