வேலியில் காயப்போட்ட பாய்

பாட்டி லேசியேலி தொண்ணூற்றொரு வயதில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. எனக்கு மூன்று வயதாக இருந்தபோது அம்மா ஆக்லாந்துக்கு அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கிற வேலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னை வளர்த்தவள் பாட்டிதான்.

பதினெட்டு வயதில் ஹாபாய் தீவிலிருந்து டோங்காவின் பெரிய தீவான டோங்காடாப்புவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கூட வந்தது அவள் அம்மா முடைந்து கொடுத்த ஒரு பாய். நல்லது கெட்டதுக்கு இடுப்பில் பாய் கட்டுவது எங்கள் வழக்கம்; கல்யாணத்தன்று அதைத்தான் கட்டிக்கொண்டாள். பதினாறு வருடம் கழித்துத் தாத்தாவைப் புதைத்தபோதும் அதைத்தான். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தபோதும் அதே பாய். புயல் கூரையைப் பிய்த்துப் போன அன்று என்னையும் அதற்குள் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். கிழிய கிழிய ஒட்டுப் போட்டாள். தேங்காய் எண்ணெய் தேய்த்த அவள் உடம்பின் வாசனை அதில் ஏறிக் கிடந்தது.

சாது என்று சொல்ல முடியாது. சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள். பாதிரியார் பேச்சை நீட்டினால் வேண்டுமென்றே தும்முவாள்.

"விக்கா, நான் செத்தா இந்தப் பாய்லதான் சுத்தணும். சாவுக்கு வர்ற புதுப் பாயெல்லாம் இலைசானே எடுத்துக்கட்டும், முறை அவளுக்குத்தான். கந்தலை யாரும் கேட்க மாட்டாங்க."

"சரி பாட்டி."

"சரின்னு தலையாட்டாதே. சத்தியம் பண்ணுடி."

பண்ணினேன்.

வெள்ளிக்கிழமை காலை மெத்தைக்கு அடியிலிருந்து பாயை எடுத்தேன். பூஞ்சை பிடித்திருந்தது. ஒரு மணி நேரம் வெயில் பட்டால் போதும் என்று சமையல் கொட்டகைப் பக்கத்து வேலியில் போட்டுவிட்டு, பாட்டிக்குத் தலைவாரப் போனேன். திரும்பி வந்தபோது வேலி வெறுமையாக இருந்தது.

கொட்டகையில் மாத்தேனி மாமா பன்றியின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தார். பாட்டியின் தம்பி மகன். காலைப் படகில்தான் ஹாபாயிலிருந்து வந்திருந்தார். எங்கள் முறையில், அத்தை செத்தால் தம்பி பிள்ளைகளுக்கு இடம் அடுப்படிதான். உள்ளே வந்து முகம் பார்க்க முடியாது. கிழிந்த பாயைக் கட்டிக்கொண்டு புகையில் நிற்க வேண்டும்; பாய் எவ்வளவு கந்தலோ செத்தவருக்கு அவ்வளவு மரியாதை. அவர் இடுப்பில் இருந்தது பாட்டியின் பாய். முன்பக்கமெல்லாம் ரத்தமும் கரியும்.

"மாமா, இந்தப் பாய்..."

"வேலில கிடந்துச்சு புள்ள. படகைப் பிடிக்கிற அவசரத்துல என்னோடத மறந்துட்டேன். எனக்காகத்தான் நீ எடுத்துப் போட்டிருக்கேன்னு நினைச்சேன்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னமா கந்தல் பாத்தியா! எங்க ஊர்ல ஒருத்தனும் இப்படிக் கட்டினதில்ல. எங்க அத்தைக்கு இதுதான் மரியாதை."

உள்ளே போனேன்.

பாட்டியின் தலைமாட்டில் இலைசானே பெரியம்மா உட்கார்ந்திருந்தார். பாட்டியுடைய அத்தையின் பேத்தி; எங்களில் அத்தை வழிக்குத்தான் உசத்தி. இந்தச் சாவில் அவர் வைத்ததுதான் சட்டம். குனிந்து காதோடு சொன்னேன்.

"அடுப்படி ஆள் இடுப்புல கட்டினதை இவ மேல போடச் சொல்றியா?"

"நீங்க சரின்னா யாரும் மறுக்க மாட்டாங்க பெரியம்மா."

"அதனாலதான் சொல்ல மாட்டேன்."

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சத்தியம் பண்ணினவ வேலில போட்டுட்டுப் போவாளா?"

வந்து குவிந்திருந்த பாய்களில் ஆக மெல்லியது, வெள்ளை வெளேரென்று இருந்தது, பெரியம்மாவுக்குச் சேர வேண்டியது. அதையே எடுத்துப் பாட்டியைச் சுற்றச் சொன்னார். குறை சொல்ல முடியாது. ஆனால் பாட்டி யாருடைய பாயிலோ போனாள். மாத்தேனி மாமா கல்லறைத் தோட்டத்தின் வேலியோரம், அவளுடைய பாயில், வாய்விட்டு அழுதுகொண்டு நின்றார்.

பத்தாம் நாள் துக்கம் முடிந்து, பாயைச் சுருட்டி எடுத்து வந்தார்.

"கடல்ல அலசினேன் புள்ள, கறை போகல. எத்தனை ஒட்டு! யாரோடது இது?"

அவர் முகத்தைப் பார்த்தேன். "வீட்ல கிடந்த பழசு, மாமா."

"தூக்கிப் போட்டுராதே. அடுத்த சாவுக்கு ஆகும்."

தூக்கிப் போடவில்லை. மெத்தைக்கு அடியில், பழைய இடத்திலேயே விரித்து வைத்திருக்கிறேன். புரண்டு படுத்தால் புகை நாறுகிறது. எண்ணெய் வாசனை கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறதா என்று முகத்தைப் புதைத்துப் பார்த்தேன். இல்லை.