மாறிப்போன ஷட்டர் சத்தம்

பத்திரிகை ஆபீஸில் அவளுக்கு சிஐடி அக்கா என்று பெயர். விளையாட்டுப் பக்கத்துக்குப் படம் எடுப்பவள். மேசை டிராயரைப் பூட்டி இழுத்துப் பார்ப்பாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பாள். புருஷன் போட்ட காப்பியைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பாள் என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அவள் சந்தேகப்படாத ஒரே பொருள் அவளுடைய ஃபிலிம் கேமரா. கனமான எஸ்.எல்.ஆர். வகை. மூலைகளில் கறுப்புச் சாயம் உரிந்து பித்தளை பல்லிளிக்கும். மழையிலும் புழுதியிலும் அது அவளைக் கைவிட்டதில்லை.

அதை ரிப்பேர்காரரிடம் சுத்தம் செய்யக் கொடுத்து வாங்கி வந்தபோதுதான் வினை வந்தது. படம் எடுக்கும்போது கணீரென்று வெட்டும் ஷட்டர், போர்வைக்குள் யாரோ கைதட்டுவதுபோல் மழுங்கிக் கேட்டது.

"ஏங்க, சத்தம் மாறியிருக்குல்ல?"

"எப்பவும் போலத்தானே இருக்கு," என்றான் புருஷன்.

"உங்களுக்கா தோணுதா, இல்ல அந்தாளு சொல்லச் சொன்னாரா?"

அடியில் பொறித்த நம்பரைப் பார்த்தாள். அதே நம்பர். 'தோல் நம்மளுது, குடலத்தான் மாத்திட்டான்' என்று முடிவு கட்டினாள். யாருக்குக் கொடுத்திருப்பான்? போட்டிப் பத்திரிகையில் நெட்டையன் என்றொருவன். அவனிடமும் இதே கேமரா.

கால்பந்து மைதானத்தில் நெட்டையன் அவளுக்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தான். அவன் ஷட்டர் கணீரென்று வெட்டியது.

"என்ன தம்பி, கேமரா ஜோரா பேசுது?"

"இப்பதாங்க்கா சர்வீஸ் பண்ணேன். உங்க ஆளுகிட்டதான்."

கள்ளன்தான் இப்படிப் பளிச்சென்று சொல்வான் என்று நினைத்தாள். ஆட்டம் முடிந்ததும் அவனைக் கையோடு கடைக்கு இழுத்துப் போனாள்.

"என் ஷட்டரத் தூக்கி இவனுக்கு வெச்சிட்டீங்களா இல்லையா?"

ரிப்பேர்காரர் முகம் சிவந்துவிட்டது. "வார்த்தைய அளந்து பேசும்மா. நாலு பேர் வர்ற கடை இது."

நெட்டையன் பாவம், சமாதானம் செய்யப் பார்த்தான். அவளுடைய கேமராவை எடுத்து, அவளுக்கு இடப்பக்கம் நின்று பட்டனைத் தட்டினான். கணீர்!

"இப்ப மட்டும் எப்படிக் கேக்குது?" என்று திகைத்தாள்.

அவன் வலப்பக்கம் போய்த் தட்டினான். அதே போர்வைச் சத்தம். மறுபடி இடம், மறுபடி வலம். அவள் வலது கண்ணால் பார்த்து எடுப்பவள்; கேமரா எப்போதும் வலது காதை ஒட்டித்தான் இருக்கும்.

"அக்கா," என்றான் நெட்டையன் மெதுவாக, "காத ஒரு தடவ டாக்டர்கிட்டக் காட்டிருங்களேன்."

வலது காதில் நரம்பு தளர்ந்துவிட்டது, கருவி போட வேண்டும் என்றார் டாக்டர். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு டாக்டரிடம் போனாள். அவரும் அதையே சொன்னபோது, படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

ரிப்பேர்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர், "சரிம்மா, இனிமே வேற கடை பாத்துக்கோ," என்றதோடு சரி. அதன் பிறகு அவள் கேமராவை நெட்டையன்தான் அதே கடையில் தன்னுடையது என்று சொல்லிக் கொடுத்து வாங்கி வருகிறான்.

அவள் வாங்கியதும் நன்றி சொல்வாள். அவன் தலை மறைந்ததும், பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு திருகாணியாகப் பார்ப்பாள்.