எல்லாம் பிடிக்கும் என்று எழுதிய சம்பங்கி

ஜூஜுவாடி கிராமத்து விவசாயி நாராயணப்பன் மகள் சம்பங்கி 1955இல் பெங்களூரில் இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம் படித்தாள். பரீட்சை முடிந்ததும் அவளை டீச்சர் டிரெயினிங்கில் சேர்ப்பதென்று அப்பா சேலத்தில் ஆள் பார்த்துப் பேசி வைத்திருந்தார். நினைத்தாலே அவளுக்குக் கசந்தது. ஆனால் வேறு என்ன வேண்டும் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

தர்க்கவியல் பாடம் நடத்தும் சாந்தம்மா ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, வகுப்பில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். சமைப்பது, கணக்கெழுதுவது, பாடம் சொல்லிக்கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப்போடுவது என்று வேலைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே பிடிக்கும், பிடிக்காது என்று இரண்டு கட்டம். தன்னைத் தானே எடைபோட்டுப் பார்த்தால் எந்தப் படிப்பு, எந்த வேலை பொருந்தும் என்று தெரிந்துவிடும் என்றார்.

சம்பங்கி மளமளவென்று முடித்து முதல் ஆளாகக் கொடுத்தாள்.

மறுநாள் சாந்தம்மா கூப்பிட்டார். "ஏம்மா, இதுபடி பாத்தா நீ டாக்டர், தையற்காரி, கோழிப்பண்ணைக்காரி, ஏரோப்ளேன் ஓட்டறவ எல்லாமே ஆகணும். உனக்குப் பிடிக்காத வேலைன்னு உலகத்துல ஒண்ணுமே இல்லையா?"

ஹாஸ்டலில் அதைக் கேட்டு அறைத்தோழி அஸ்மத் விழுந்து விழுந்து சிரித்தாள். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்காரர் மகள் அவள்.

"இந்த வருஷம் உன்னை எத்தனை பேருடி பொண்ணு பாக்க வந்தாங்க?"

"ரெண்டு."

"அதான். பேனாவாலயும் தலையாட்டிட்டு வந்திருக்கே."

உண்மைதான். பெண் பார்க்க வருகிறவர்கள் மாடு கறப்பியா, களி கிண்டுவியா என்று கேட்பார்கள். எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். வீட்டில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

"இத உன் மாமியா படிக்கப் போறதில்ல. வேற தாள் வாங்கி உள்ளத எழுது," என்றாள் அஸ்மத்.

இரண்டாம் தடவை சாயங்காலம் முழுக்க ஆயிற்று. ஒவ்வொரு வேலையையும் தான் செய்த நாளை நினைத்துப் பார்த்தாள். தம்பி முனிவேலுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கையில் அறையத்தான் கை எழும். பிடிக்காது. அடுப்படியும் பிடிக்காது. அத்தை வெங்கடம்மாள் பக்கவாதத்தில் கிடந்தபோது துடைத்து, புரட்டிப் போட்டு, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்தவள் அவள்தான். புண் சுருங்கிக்கொண்டே வருவதைப் பார்க்கக் காலையில் ஆசையாக எழுந்திருப்பாள். பிடிக்கும்.

"நர்ஸ் டிரெயினிங்குக்கு எழுதிப் போடலாம். அப்பா கையெழுத்து வாங்கிட்டு வா," என்றார் சாந்தம்மா.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போனபோது அப்பா களத்தில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தார்.

"நர்ஸா? கண்டவங்க பீ மூத்திரம் அள்ற வேலை."

"அத்தைக்கு நாந்தானேப்பா அள்ளுனேன்."

"அவ ஊட்டு மனுசி."

"இருக்கட்டும். எனக்கு அதுல அருவருப்பு இல்ல. பாடம் சொல்லிக்குடுக்கறதுதான் பிடிக்கலப்பா."

பிடிக்கவில்லை என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அவர் அதுவரை கேட்டதே இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தோளிலிருந்த உமியைத் தட்டினார்.

"உங்கத்தை கடைசி வரைக்கும் உன் கையால குடுத்தாத்தான் கஞ்சி குடிப்பேன்னா," என்றார். பிறகு, "எங்க போடணும் கையெழுத்து?"

படித்து முடித்துக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு மூன்றாவதாக ஒரு வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். சமையல் எப்படி என்று மாப்பிள்ளையின் அம்மா லட்சுமியம்மாள் கேட்டார்.

"செய்வேன். பிடிக்காது," என்றாள் சம்பங்கி.

"எனக்குந்தான் பிடிக்காது," என்றார் லட்சுமியம்மாள். கல்யாணமானதும் மாமியாரும் மருமகளும் முதல் வேலையாகச் சமையலுக்கு ஆள் வைத்தார்கள்.