காவின் முடியும்வரை எழும்பாமல்

கல்முனைக்குடியில் தண்ணீர் மோட்டர் கெட்டால் சீனிமுகம்மதைத்தான் கூப்பிடுவார்கள். வயது அறுபத்தாறு. ஏணி பிடிக்க இன்னும் ஆள் கேட்கமாட்டார். ஆனால் இரண்டு வருடமாக, போகிற வீட்டில் மோட்டரைப் பார்க்குமுன் கழிவறையைப் பார்த்துவைத்துக்கொள்வார். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உடம்புத் தண்ணீர் வேர்வையாய்ப் போய்விடும், தொல்லை குறைவு. மாரி மழை இறங்கிவிட்டால் அரை மணிக்கொரு ஓட்டம்.

போன மாரியில் மூத்த மகளுக்குக் கலியாணம், காவின் எழுத்து. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, பெண்ணைக் கொடுக்கும் வார்த்தையைத் தகப்பன் சொல்லவேண்டிய நேரத்தில் மனுசன் விறுக்கென்று எழும்பிப் போய்விட்டார். பெண் தர மனமில்லையாக்கும் என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் கறுத்தது. திரும்பி வந்து கொடுத்துவிட்டார்தான். ஆனாலும் அந்தக் கதை மீன் சந்தை வரைக்கும் போய்விட்டது.

இந்த மாரியில் இளையவள் நஜ்லாவுக்கு. இந்தத் தடவை எழும்புவதே இல்லை என்று முடிவெடுத்தார். தண்ணீர்த் தாங்கி காய்ந்தால் குழாய் ஒழுகாது என்பது தொழில்காரன் கணக்கு. காவினுக்கு ஒரு மாதம் இருக்கவே, பழகிப்பார்க்க, தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். அதோடு மூக்கடைத்துத் தடுமனும் பிடிக்க, யாரையும் கேளாமல் தடுமன் குளிசை வாங்கிப் போட்டார். மறுநாள் காலை ஒரு சொட்டும் இறங்கவில்லை. மனைவி ஸுஹைறா ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டொக்டர் யசோதினி குழாய் போட்டுச் சிறுநீரை இறக்கிவிட்டு, சோதித்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

"தாங்கியில பிழையில்ல ஐயா. புரொஸ்டேட் பெருத்து, வெளியால நிண்டு குழாய நெரிக்குது. குளிர் வந்தா இன்னும் இறுகும். அந்தக் குளிசை அதையும் விட இறுக்கும்."

இப்படிச் சொன்னால் சீனிமுகம்மதுக்கு விளங்காமலா போகும்? டொக்டர் தந்த மாத்திரையை நேரம் தவறாமல் போட்டார். பகலில் போத்தலைக் கூடவே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், அஸர் தொழுகைக்குப் பிறகு தேநீர் இல்லை, குளிர் ஏறாமல் காலில் இழுத்துவிட்ட சப்பாத்து மேசு. ஒருமுறை போனால் சற்றுப் பொறுத்து மிச்சத்தையும் கழித்துவிட்டே வந்தார். மூன்று கிழமையில் ஓட்டம் பாதியானது.

"கலியாணம் மகளுக்கா, உங்கட தண்ணிப் போத்தலுக்கா?" என்றாள் ஸுஹைறா.

காவின் நாளன்று மழை கொட்டியது. காவின் நடத்த வந்த லெவ்வையின் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. மூத்த மருமகன் மாமாவின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அசையவில்லை. கடைசியில் மாப்பிள்ளை றிஷாட்டின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வாயைத் திறக்க, மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் ஹமீட் விறுக்கென்று எழும்பினார்.

சபை திகைத்தது. அந்த முகத்தில் இருந்தது கோபமல்ல என்று அங்கே ஒருவருக்கு மட்டும் தெரிந்தது. பிடித்த கையை விடாமலே சொன்னார்:

"பின்பக்கம், இடக்கைப் பக்கமாப் போங்க சம்மந்தி. லைட் எரியுது. நாங்க பாத்திருக்கம்."

சிரிப்பில் பந்தல் தகரத்து மழைச் சத்தமே கேட்கவில்லை. அப்துல் ஹமீட் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, சீனிமுகம்மது நிதானமாக, ஒரு சொல் தடுக்காமல் மகளைக் கொடுத்தார்.

சாப்பாட்டில் சம்மந்திமார் இருவருக்கும் ஒரே சஹன் தட்டு. முதல் பிடி எடுக்குமுன் சீனிமுகம்மது அவர் காதருகே குனிந்தார்.

"நாளைக்கே டொக்டர்ட்டப் போவம், நானும் வாறன். அதுக்குள்ள தடுமன் குளிசை மட்டும் போட்டிராதீங்க."