அண்ணன் கோட்டில் ஒரு ஊக்கு

கோவாவில் ஒரு கேசினோ விடுதியில் அண்ணன் பாடிக்கொண்டிருந்தான். நிரந்தர வேலை இல்லை. சோதனைக்கு வைத்திருந்தார்கள். மாதம் முடிந்ததும் வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று மேனேஜர் சொல்வாராம். அதற்குள் அப்பா ஒரு தடவை வந்து கேட்டுவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

"அனுப்பிட்டாம்னா பெறவு எங்கன வந்து கேப்பாரு? அப்பாவக் கூட்டிட்டு வாலே" என்றான் போனில்.

அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றவன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனான். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவன் ஆபீசுக்குப் போனதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இப்போது ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஆபீசில் நாள் முழுக்க ஸ்பீக்கரில் ஓடும் பாட்டைக் கேட்டுக் கேட்டு அண்ணன் பாடகனானான். கோயில் கொடைத் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரிக்குப் போக ஆரம்பித்தான். அங்கே கீபோர்டு வாசித்த ஒருவர் கோவாவுக்குப் போய், பிறகு இவனையும் இழுத்துக்கொண்டார். இந்திப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தான். "அர்த்தம் தெரியுமாண்ணே?" என்று கேட்டேன். "அழுகைப் பாட்டா, சிரிப்புப் பாட்டான்னு தெரியும். அது போதும்லே."

அப்பாவுக்குக் கரிசலில் மானாவாரி நிலம் கொஞ்சம் உண்டு. மழை பெய்தால் உளுந்து, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் கூலி வேலை. அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் கொடைக் கச்சேரி. பாட்டு பிடித்துவிட்டால் போதும், மேடை ஏறி, பாடுகிறவர் சட்டையில் ஊக்கால் ரூபாய் நோட்டைக் குத்திவிடுவார். மைக்கில் அவர் பெயரைச் சொல்லி 'அன்பளிப்பு' என்பார்கள். அப்பா கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்குவார். விளாத்திகுளம் வரைக்கும் போய் முன்பின் தெரியாத பாடகர்களுக்கெல்லாம் குத்தியிருக்கிறார். அண்ணனுக்கு மட்டும் குத்தியதே இல்லை.

"நம்ம பிள்ளைக்கு நாமளே குத்துனா ஊரு சிரிக்கும்லே" என்பார். அதுதான் காரணமா, பாடுவதை அவர் ஒரு வேலையாகவே எண்ணவில்லையா என்பது எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. அந்த வருத்தம் அவனுக்கு உண்டு.

கிளம்புவதற்கு முந்தின நாள் போனில் அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான்.

"ஆத்துல கப்பல் கப்பலா நிக்கும், அதுவும் கேசினோதான். ஏறுததுக்கு டிக்கெட்டு வாங்கணும். சாப்பாடு, ஆட்டம், பாட்டு எல்லாம் அதுலயே அடக்கம். அது நமக்குக் கட்டாது. எங்க விடுதியில சூதாடுத இடத்துக்குத்தான் டிக்கெட்டு. நான் பாடுதது வெளிய வரவேற்புக் கூடத்துல. ஒரு டீ வாங்கிட்டு உக்காந்தா யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டான். டீ வெலையைக் கேட்டு அப்பாவ மயங்கி விழச் சொல்லாத."

"வேட்டி கட்டலாமா?"

"விடமாட்டான். பேண்டு போட்டுக் கூட்டிட்டு வா. இன்னொண்ணு. வேலை செய்யுதவன் வீட்டு ஆளுக அங்கன வரக்கூடாது. வந்தவுககிட்ட நாங்க பைசா வாங்கவும் கூடாது. சூது நடக்குத இடமில்லா, காசு கைமாறுனா சந்தேகப்படுவான். தெரிஞ்சா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருவான். நீங்க ரெண்டு பேரும் என்னைத் தெரியாத மாதிரியே இருங்க. மறுநா காலையில எனக்கு லீவு. கடற்கரைக்குப் போவோம்."

அப்பாவிடம் சொன்னேன். "எனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? கல்லு மாதிரி இருப்பேன்" என்றார்.

என் பேண்ட் அவர் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட் போட்டால் வயிற்றை இறுக்குகிறது என்று கழற்றி எறிந்தார். அம்மா பக்கவாட்டில் ஒரு கொசுவம் பிடித்துப் பெரிய ஊக்கு ஒன்றைக் குத்திவிட்டாள். "மாப்பிள்ளை மாதிரி இருக்காரு" என்று அவள் சிரிக்க, "ஏட்டி, சும்மா கெட" என்றார்.

திருநெல்வேலியில் ரயில் ஏறி, கோவாவில் மட்காவ் நிலையத்தில் இறங்கினோம். அன்று மாலை ஆற்றங்கரைக்குப் போனோம். கப்பல்கள் விளக்குப் போட்டுக்கொண்டு நின்றன. ஒன்றிலிருந்து பாட்டும் கைதட்டலும் வந்தன. கரையில் எங்களைப் போல நிறைய பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுண்டல் விற்பவன்கூட இருந்தான். அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "உள்ள இருக்கவனுக்கும் இதே பாட்டுதான, நமக்கும் இதே பாட்டுதான" என்றார். அந்தப் பயணத்தில் அவர் மனம்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

மறுநாள் மாலை விடுதிக்குப் போனோம். வாசலில் காவலாளி எங்கள் செருப்பைப் பார்த்தான், பிறகு கதவைத் திறந்தான். உள்ளே குளிர். தரையில் முகம் தெரிந்தது. அப்பா வழுக்கிவிடுமோ என்று வரப்பில் நடப்பது போல அடியெடுத்து வைத்தார். மூலையில் ஒரு படி உயரத்துக்கு மேடை. கிட்டார், கீபோர்டு, நடுவில் அண்ணன். விடுதி கொடுத்த ஊதா நிறக் கோட்டில் இருந்தான். எங்களைப் பார்த்தான். பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

கேட்டவர்கள் யாரும் பாட்டுக்காக வந்தவர்கள் இல்லை. சூதில் தோற்று வெளியே வந்தவர்களும், உள்ளே போன கணவருக்காகக் காத்திருந்த பெண்களும்தான். அவன் இந்தியில் பாடினான், அவர்கள் போனைப் பார்த்தார்கள். ஒரு பாட்டு முடிந்தபோது தட்டியது அப்பா மட்டும்தான். நான் அவர் கையைப் பிடித்து அமுக்கினேன். "கைதட்டவுமா கூடாது?" என்றார் மெதுவாக.

பிறகு அண்ணன் கீபோர்டுகாரரிடம் குனிந்து ஏதோ சொன்னான். அடுத்து வந்தது தமிழ்ப் பாட்டு. ரொம்பப் பழையது. மக்காச்சோளக் காட்டில் பன்றிக் காவலுக்கு உட்கார்ந்திருக்கும்போது அப்பா தனக்குத்தானே முனகுகிற பாட்டு. அப்பா டீக்கோப்பையை வைத்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. கை இடுப்புக்குப் போனது. அரிக்கிறது போல என்று நினைத்தேன்.

நான் எழுவதற்குள் அவர் மேடையில் இருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து, நெஞ்சுப் பக்கம் கோட்டில் வைத்து, இடுப்பிலிருந்து கழற்றிய ஊக்கால் குத்தினார். அண்ணன் பாட்டை நிறுத்தவில்லை. குத்தி முடித்த அப்பா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கைகூப்பி நின்றார். மைக்கில் தன் பெயர் வரும் என்று நின்றார். எத்தனை வருடத்துப் பழக்கம். பெயர் வரவில்லை. யாரோ சிரித்தார்கள். ஒரு பெண் போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். பேண்ட் நழுவ, அப்பா ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அதற்குள் இரண்டு காவலாளிகள் வந்துவிட்டார்கள்.

பக்கத்துத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனார்கள். நானும் பின்னால் ஓடினேன். மேனேஜர் வந்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருப்பார், குரலை உயர்த்தவே இல்லை. பாட்டு முடிந்ததும் அண்ணனையும் வரச் சொன்னார். நோட்டு அவன் நெஞ்சில் அப்படியே இருந்தது. "இவர் உனக்குத் தெரிந்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். பேண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கோலத்தைப் பார்த்தான். உண்மையைச் சொல்லப்போகிறான் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

அப்பா முந்திக்கொண்டார். ஆங்கிலம் தெரியாது, ஆனால் என்ன கேட்டிருப்பார்கள் என்று தெரியாமல் இருக்குமா? அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஏலே, நீ இங்கிலீசுல சொல்லு. இந்தப் பையன் யாருன்னே எனக்குத் தெரியாது. எங்க ஊருப் பக்கம் பாட்டு நல்லாருந்தா சட்டையில ரூவா குத்துதது வழக்கம். தமிழ்ப் பாட்டக் கேட்டதும் புத்தி மாறிப்போச்சு. பையன் மேல தப்பு ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

நான் சொன்னேன். பிழையில்லாமல் சொன்னேன். 'இவருக்கு இந்தப் பாடகரைத் தெரியாது' என்ற வாக்கியத்தை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போடுவது போல அவ்வளவு தெளிவாகச் சொன்னேன். அண்ணன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் லேசாகச் சிரித்தார். தானே நோட்டை இழுத்து எடுத்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தார். ஊக்கு கோட்டிலேயே தொங்கியது. அண்ணனிடம் மேடைக்குப் போகச் சொன்னார். அண்ணன் அப்பாவைப் பார்த்து, எல்லா விருந்தினருக்கும் குனிவது போல நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான். "தேங்க்யூ சார்" என்றான்.

நாங்கள் வெளியே வந்து சாலையைக் கடக்கும்போது பின்னால் இந்திப் பாட்டு தொடங்கியிருந்தது.

மறுநாள் கடற்கரைக்கு அவன் வரவில்லை. 'யாராவது பார்த்தால் வம்பு' என்று எனக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினான். ரயிலில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். ஊரை நெருங்கும்போது ஒரே ஒரு தடவை, "நல்ல துணி. ஓட்டை விழுந்திருக்கும்" என்றார். கோட்டைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அண்ணனை வைத்துக்கொண்டார்கள். மாதாமாதம் பணம் அனுப்புகிறான். இந்த வருடம் எங்கள் ஊர்க் கொடைக்கு லீவு கிடைக்கவில்லை என்றான். கச்சேரியில் பாடிய பையன் நன்றாகவே பாடினான். மைக் பிடித்திருந்தவர் அப்பாவைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, இன்னைக்கு ஊக்கைத் தொலைச்சிட்டியளா?" என்று மைக்கிலேயே கேட்டார். கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார், எழுந்திருக்கவில்லை.

போன வாரம் அண்ணன் போன் செய்தபோது அப்பா பன்றிக் காவலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பேசுகிறீர்களா என்று போனை நீட்டினேன். வாங்கவில்லை.

"அங்கன இப்பவும் தமிழ்ப் பாட்டு படிக்கானான்னு கேளு" என்றார்.

கேட்டேன். "இல்லலே. இந்தி மட்டுந்தான் படிக்கணும்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க" என்றான் அண்ணன்.

அதை அப்பாவிடம் சொன்னேன். டார்ச்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அதுவும் நல்லதுதான்" என்று சொல்லி நடந்தார். முன்பெல்லாம் வாசல் தாண்டும்போதே அந்தப் பாட்டை முனக ஆரம்பித்துவிடுவார். அன்று அவர் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.